வாத்தியாருக்கு மார்க் போடலாமா? எஸ்எம்சி கூட்டத்துல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். புதுவயல்ல ஒரு அரிசி மில்லுல கணக்கு எழுதுறேன். காரைக்குடி பக்கத்துல ஒரு அரசுப் பள்ளியோட மேலாண்மைக் குழுவுல, அதான் எல்லாரும் எஸ்எம்சின்னு சொல்றோமே, அதுல பெற்றோர் உறுப்பினரா இருக்கேன். கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கிறப்ப, பஸ்ஸ்டாண்டுல, கல்யாண வீட்டுப் பந்தியில, எங்க போனாலும் இதே கேள்விங்கதான், ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். இது என்னோட கருத்து, பள்ளியோட கருத்து இல்ல.

வாத்தியாருக்கு எதுக்கு மதிப்பீடு? டெட் பாஸ் பண்ணித்தானே வர்றாங்க?

டெட்டுங்கிறது ஆசிரியர் தகுதித் தேர்வு, வாசல்ல வைக்கிற பரிட்சை. 150 மார்க்குக்கு எழுதணும், பொதுப் பிரிவுக்கு 90 வாங்குனா பாஸ். பாடம் தெரியுமா, குழந்தை மனசப் பத்தி புஸ்தகத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியுமான்னு அது பாக்கும். கல்யாணத்துக்கு சாமான் லிஸ்ட் சரியா எழுதிக் குடுத்துட்டாருங்கிறதுக்காக அந்த சமையல்காரர் பந்தி நல்லா இருக்கும்னு சொல்லிட முடியுமா? இலையில விழுந்தப்புறம்தானே தெரியும். 40 பிள்ளைங்க, அதுல பத்துக்கு எழுத்துக் கூட்டவே வரல, அஞ்சு முந்திரிக்கொட்டைங்க, ரெண்டு பேரு காலைல சண்டை நடந்த வீட்டுலேர்ந்து நேரா வந்திருக்காங்க, இவங்கள ஒரு மணி நேரம் கூட்டிட்டுப் போறது வேற திறமை.

இன்னொன்னு, மதிப்பீடுன்னாலே தப்பு கண்டுபிடிக்கத்தான்னு நினைச்சுக்கிறோம். இப்ப இருக்குற நிலமையில உயிரக் குடுத்து சொல்லித்தர்ற டீச்சருக்கும் வருசத்துக்கு 3 சதவீத இன்க்ரிமென்ட்தான், நாற்காலிய விட்டு எந்திரிக்காதவருக்கும் அதே 3 சதவீதம்தான். பணத்த விடுங்க, "நீங்க சொல்லித்தர்ற விதம் நல்லா இருக்கு டீச்சர்"னு ஒரு வார்த்த சொல்றதுக்கு ஆளில்ல. வெயிலு மழைன்னு பாக்காம வந்துட்டுப் போற ஒரு டீச்சர் என்கிட்டயே சொன்னாக, "22 வருச சர்வீஸ்ல என் கிளாஸ்ல உக்காந்து முழுசா ஒரு பீரியட் பாத்த அதிகாரி ரெண்டே பேருதான்"னு. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

சுப்ரீம் கோர்ட் எல்லாரும் டெட் எழுதணும்னு சொல்லிடுச்சே, அதுல சரியாயிடாதா?

2025 செப்டம்பர் 1ந்தேதி தீர்ப்பு. ஏற்கனவே வேலைல இருக்கவங்களும் ரெண்டு வருசத்துக்குள்ள பாஸ் பண்ணணும், ரிட்டயர் ஆக 5 வருசத்துக்குள்ள இருக்கவங்களுக்கு விலக்கு, ஆனா ப்ரமோஷன் வேணும்னா அவங்களும் எழுதணும். சிறுபான்மைப் பள்ளிங்க விசயத்த பெரிய பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. 20 வருசமா வகுப்புல நிக்கிறவங்கள திரும்ப வாசல்ல கொண்டு போயி நிறுத்துறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அவங்கள வாசல்ல வச்சுப் பாக்கக்கூடாது, வகுப்புக்குள்ள போயிப் பாக்கணும்.

நம்ம சிவகங்கை மாவட்டம்தான் 10வதுல மாநிலத்துலயே முதல், அப்புறம் என்ன பிரச்சன?

பெருமையான விசயம்தான், நானும் அன்னைக்கு எல்லாருக்கும் வாட்ஸப் அனுப்புனேன். 2025 மே மாசம் ரிசல்ட் வந்தப்ப மாநிலம் மொத்தம் 93.80 சதவீதம், நம்ம மாவட்டம் 98.31. இதுக்குப் பின்னாடி எத்தன டீச்சருங்க சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த உழைப்ப நான் குறைச்சு சொல்லவே மாட்டேன்.

ஆனா நான் கணக்கு எழுதுற ஆளு. ஒரு சதவீதத்தப் பாத்தா கீழ இருக்குற எண்ணு என்னன்னு கேக்காம இருக்க முடியாது. நூத்துக்கு எத்தன பேரு பாஸுன்னு சொல்றப்ப அந்த நூறு யாரு? பரிட்சைக்கு உக்காந்தவங்க. உக்காராமலே போனவங்க அதுல இல்ல.

என் பெரியவன் 9வது படிச்சப்ப நடந்தத சொல்றேன், எந்தப் பள்ளின்னு சொல்ல மாட்டேன். கூப்பிட்டு விட்டாங்க. ரொம்ப மரியாதையா, உக்கார வச்சு, தண்ணி குடுத்து, "இவன் 10வதுல கஷ்டப்படுவாம்மா, இங்க ரொம்ப டைட், வேற ஸ்கூல் பாத்தீங்கன்னா அவனுக்கே நல்லது, டிசி நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்"னு சொன்னாங்க. அன்னைக்கு எனக்கு வெவரம் பத்தல, பையனுக்கு நல்லதுன்னு நம்பிட்டேன். அடுத்த வருசம் அந்தப் பள்ளி வாசல்ல 100 சதவீதம்னு பேனர் கட்டியிருந்தாங்க. பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா அதப் பாத்தேன். அந்த நூறுல என் பிள்ளை இல்லாததுனாலதான் அது நூறுன்னு அப்பதான் புரிஞ்சிச்சு.

அந்த எச்எம் கெட்டவருன்னு நான் நினைக்கல. ரிவ்யூ மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எந்திரிக்கச் சொல்லி "ஏன் ரெண்டு பேரு ஃபெயிலு"ன்னு கேப்பாங்க, 17ஏன்னு ஒழுங்கு நடவடிக்கை வருமோ, மெமோ வருமோன்னு பயம். எத வச்சு அளக்குறோமோ அதத்தான் மனுசன் காப்பாத்துவான். பிள்ளைய அளக்கல, பேனர அளந்தோம், அதனால பேனரக் காப்பாத்துனாரு.

அதோட 10வதுல 35 எடுத்து பாஸாகுறதுக்கும் படிக்கத் தெரியுறதுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கு. பிள்ளைங்களுக்கு வாசிக்க, கணக்குப் போட வருதான்னு வீடு வீடாப் போயிப் பாக்குற ஏசர் சர்வேயில, 2022ல நம்ம தமிழ்நாட்டு கிராமங்கள்ல 5வது படிக்கிற பிள்ளைங்கள்ல 25.2 சதவீதம் பேராலதான் 2வது வகுப்புப் பாடத்த வாசிக்க முடிஞ்சுச்சு, 2018ல அது 40.7. நடுவுல கொரோனா வந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா 5வதுல வாசிக்க வராத பிள்ளை பாஸாகுற அளவுக்கு மட்டும் சுருக்கித் தர்ற மினிமம் மெட்டீரியல மனப்பாடம் பண்ணி 10வது தாண்டுறத நானே பாத்திருக்கேன், அந்தப் பிள்ளை ஐடிஐல ஒரு மேனுவல எடுத்துப் படிக்கத் திணறுறதையும் பாத்திருக்கேன்.

அப்ப ரிசல்ட்டே பாக்கக் கூடாதா? கணக்குன்னா கடைசியில நம்பர்தானே?

பாக்கணும். ஆனா பாதி கணக்க மட்டும் பாக்கக் கூடாது.

நம்ம ஊருல பெட்டியடியில உக்காந்து வளந்தவங்களுக்கு இத சொல்லித்தரவே வேணாம். பர்மாவுலயும் மலாயாவுலயும் கடை வச்சிருந்த காலத்துலயே ஐந்தொகை, அதான் வரவு செலவு இருப்பெல்லாம் சேந்த கணக்கு, போட்டு அனுப்புனவங்க நம்ம செட்டியாருங்க. எங்க தாத்தா அப்படி ஒரு கடையில கணக்குப்பிள்ளையா இருந்தவரு. ஆரம்ப இருப்பு தெரியாம கடைசி இருப்ப மட்டும் பாத்து இந்தக் கடை லாபம்னு எந்தக் கணக்குப்பிள்ளையாவது எழுதுவாரா? பள்ளிக்கூடத்துல மட்டும் அப்படித்தான் எழுதிட்டு இருக்கோம். வீட்டுலயே அஆ கத்துட்டு, டியூஷனும் போயிட்டு வர்ற பிள்ளை 80 வாங்குது. ஒடிசாலேர்ந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, தமிழே காதுல விழாம வந்தது, ஒரு வருசத்துல 45 வாங்குது. யாரோட டீச்சர் அதிகமா உழைச்சிருக்காங்க?

மில்லுலயும் இதேதான். ஈரப்பதம் சரியில்லாத நெல்லு வந்தா அரிசி நொறுங்கும், குருணை கூடும். அதுக்கு மிஷின் ஓட்டுறவர திட்ட மாட்டோம், நெல்லு வந்தப்ப எடுத்த ஈரப்பத நோட்டப் பாப்போம்.

இத அமெரிக்காவுல ஆராய்ச்சியா பண்ணியிருக்காங்க. ராஜ் செட்டின்னு தமிழ்க் குடும்பத்துல பிறந்த பொருளாதார நிபுணர், இன்னும் ரெண்டு பேரோட சேந்து, 25 லட்சம் பிள்ளைங்களோட பழைய மார்க்கையும் பின்னாடி அவங்க சம்பாதிச்சதையும் சேத்து வச்சுப் பாத்தாங்க. 2014ல வெளியாச்சு. பிள்ளைங்கள முன்னாடி இருந்த இடத்துலேர்ந்து அதிகமா நகத்துற டீச்சர்கிட்ட படிச்சவங்க பெரியவங்களானப்புறம் காலேஜுக்குப் போறதும் சம்பாத்தியமும் கூடுதலா இருந்துச்சாம். ஒரு நல்ல டீச்சர் ஒரு வருசம் தர்றது 20 வருசம் கழிச்சு சம்பளத்துல தெரியுதுங்கிறது எனக்கு மெய்சிலிர்த்த விசயம். ஆனா அதே 2014ல அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஒரு எச்சரிக்கையும் விட்டுச்சு, மார்க்குல பிள்ளைக்குப் பிள்ளை இருக்குற வித்தியாசத்துல டீச்சரால வர்றது 1லேர்ந்து 14 சதவீதம் வரைக்கும்தான், மிச்சமெல்லாம் மத்த காரணங்க, அதனால இந்த நம்பர மட்டும் வச்சு ஒருத்தருக்கு ரேங்க் போடாதீங்கன்னு. ரெண்டும் உண்மைதான், சண்டையில்ல. லட்சம் பேரச் சேத்துப் பாக்குறப்ப தெளிவாத் தெரியுறது, 28 பிள்ளைங்க இருக்குற ஒரு வகுப்புல ரெண்டு பேருக்கு அம்மை போட்டாலே ஆடிப்போயிடும்.

ஆரம்ப இருப்பு எழுத நம்மகிட்ட வழி இருக்கா?

இருக்கு! 2022லேர்ந்து எண்ணும் எழுத்தும் திட்டத்துல சின்ன வகுப்புப் பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சுத்தான் சொல்லித்தர்றாங்க. ஜூன்ல எத்தன அரும்பு, மார்ச்ல எத்தன மலர், இதுதான் ஐந்தொகை. ஒரே ஒரு பயம். இத வச்சுத்தான் சம்பளம், மெமோன்னு சொல்லிட்டா மறுநாளே ஆப்ல எல்லாப் பிள்ளையும் மலராயிடும். அந்த டீச்சருக்கு உண்மையான நிலைய எழுத தைரியம் இருக்கணும்னா, எழுதுனா அடி விழாதுங்கிற நம்பிக்கை முதல்ல வேணும்.

நல்ல ரிசல்ட் குடுத்தா போனஸ்னு வச்சா போட்டி போட்டு சொல்லித்தர மாட்டாங்களா?

இது எங்க கூட்டத்துல ரெண்டு வாட்டி பெரிய வாக்குவாதமே ஆச்சு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

போனஸ் வேலை செஞ்ச இடம் இருக்கு, மறைக்கல. பக்கத்து ஆந்திராவுல 2005லேர்ந்து கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன்னு ரெண்டு பேரு அரசு பள்ளிகள்ல செஞ்சு பாத்தாங்க. பிள்ளைங்க சராசரி 5 சதவீதத்துக்கு மேல முன்னேறுற ஒவ்வொரு சதவீதத்துக்கும் டீச்சருக்கு 500 ரூபா. ரெண்டு வருசத்துல கணக்குலயும் மொழியிலயும் அந்தப் பள்ளிப் பிள்ளைங்க நல்லாவே முன்னாடி வந்தாங்க, போனஸே இல்லாத சயின்ஸ், சோசியல்லயும் கூட. ஆனா ரெண்டு விசயம் கவனிங்க. அவங்க பாத்தது முன்னேற்றத்த, அதாவது ஆரம்ப இருப்பு எழுதிட்டுத்தான் தொடங்குனாங்க. பரிட்சை வச்சது வெளி ஆளுங்க, அந்தப் பள்ளி டீச்சருங்க இல்ல.

இந்த ரெண்டும் இல்லாம போனா என்னாகும்னு அமெரிக்காவுல அட்லாண்டாங்கிற ஊருல தெரிஞ்சுச்சு. மார்க் ஏறலன்னா வேலை போயிடும்னு நெருக்குனதுல, டீச்சருங்களே உக்காந்து பிள்ளைங்களோட தப்பு விடைய ரப்பர் வச்சு அழிச்சு சரியா போட்டிருக்காங்க. 2011ல அந்த மாநில விசாரணை அறிக்கை வந்துச்சு, 44 பள்ளி, 178 பேரு. 2015ல 11 பேருக்கு கோர்ட்டுல தண்டனையே ஆச்சு. அந்த ஊருப் பிள்ளைங்களுக்கு உதவி தேவைங்கிறதே வெளிய தெரியாம போச்சு, பேப்பர்ல பாத்தா எல்லாம் நல்லா படிக்கிற பிள்ளைங்களா இருந்தாங்களே.

இது புதுசும் இல்ல. 1862ல இங்கிலாந்துல பிள்ளைங்க வாசிக்க, எழுத, கணக்குப் போட எத்தன பேரு பாஸோ அத வச்சுத்தான் பள்ளிக்கு காசுன்னு கொண்டு வந்தாங்க. இன்ஸ்பெக்டர் வர்ற நாளுக்காக வாசிப்புப் புஸ்தகத்தையே மனப்பாடம் பண்ண வச்சாங்க. நம்ம மெட்ராஸ் மாகாணத்துலயும் 19ஆம் நூற்றாண்டுல ரிசல்ட்டுக்குத் தக்க மானியம்னு ஒன்னு ஓடுச்சு, ரெண்டு இடத்துலயும் பின்னாடி கைவிட்டாங்க.

11வது பொதுத்தேர்வ எடுத்துட்டாங்களே, நல்லதா கெட்டதா?

2017-18ல ஏன் கொண்டு வந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? நிறைய பள்ளிங்க, முக்கியமா பிரைவேட்டு, 11வது பாடத்தத் தொடாமலே ரெண்டு வருசமும் 12வது பாடத்த ஓட்டுனாங்க, ஏன்னா அளக்குறது 12வத மட்டும்தான். இப்ப மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட்ல வந்து, 2025-26லேர்ந்து அந்தப் பரிட்சை இல்ல. பிள்ளைங்களுக்கு பாரம் குறையுது, சந்தோசம்தான், ஆனா பழைய பழக்கம் திரும்ப வந்துடாம பாக்குறது நம்ம எஸ்எம்சி வேல. உங்க பிள்ளையோட 11வது நோட்ட வாங்கிப் பாருங்க, எந்தப் பாடம் நடக்குதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

பிஇஓ, சிஇஓன்னு வட்டார, மாவட்டக் கல்வி அதிகாரிங்க எல்லாம் விசிட் வர்றாங்களே, அது மதிப்பீடு இல்லையா?

வர்றாங்க. வருகைப் பதிவேடு, பாடத்திட்ட நோட்டு, சத்துணவு கணக்கு, டாய்லெட், பள்ளி விவரமெல்லாம் பதியுற எமிஸ் இணையதளத்துல ஏத்தியாச்சா, எல்லாம் பாப்பாங்க. எல்லாம் தேவைதான். மிச்சம் இருக்குற பத்து நிமிசத்துல ஒரு பையன எழுப்பி 7ஆம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லி, அவன் பயந்து முழிச்சா டீச்சர முறைச்சுட்டுப் போயிடுவாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியல, ஒரு பிஇஓவுக்கு அத்தன பள்ளி இருக்கு.

வகுப்பப் பாத்து மதிப்பிடுறதப் பத்தி 2009லேர்ந்து அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, கிட்டத்தட்ட 3,000 டீச்சருங்க. ஒருத்தர் ஒரு தடவ பாத்து போடுற மார்க்க நம்ப முடியாது, வேற வேற ஆளுங்க வேற வேற நாள்ல பாத்தாத்தான் ஓரளவு நம்பலாம்னு வந்துச்சு. ஆனா அதே முறைய பெருசா நடைமுறைப்படுத்துன ஊர்கள்ல பிள்ளைங்க படிப்பு பெருசா கூடலன்னு 2018ல ராண்டுங்கிற ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிக்கை சொல்லிடுச்சு. கடைசியில கிட்டத்தட்ட எல்லா டீச்சருக்கும் நல்ல மார்க்கே போட்டு விட்டாங்க. நான் இதுலேர்ந்து எடுத்துக்கிறது என்னன்னா, மார்க் போடுறதுக்குன்னு பாத்தா ஒன்னும் நடக்காது, சொல்லித்தர்றதுக்குன்னு பாக்கணும். பக்கத்து பள்ளி அனுபவசாலி டீச்சர் ஒருத்தர் மாசம் ஒரு தடவ வந்து பின்பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு, "அந்த பின்னக் கணக்க முதல்ல அப்பளத்த ஒடச்சுக் காட்டி செஞ்சு பாருங்களேன்"னு சொல்லிட்டுப் போனா, அது மெமோவ விட பத்து மடங்கு வேலை செய்யும்.

ஈராசிரியர் பள்ளியில என்னத்த மதிப்பீடு பண்றது?

நியாயமான கேள்வி. சட்டப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் தொடக்கப் பள்ளிக்கு ரெண்டு டீச்சர்தான். அஞ்சு வகுப்பு, ரெண்டு பேரு. ஒருத்தர் ட்ரெய்னிங் போனா அஞ்சும் ஒருத்தர் தலையில. இதுல எமிஸ், ஆதார், பேங்க் அக்கவுண்ட், சர்வே. கல்வி உரிமைச் சட்டம் 27ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேற வேலைக்கு டீச்சர அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது, ஆனா போன்ல உக்காந்து தட்டுற வேலைய யாரும் கணக்குல சேக்குறதில்ல. டீச்சர அளக்குறதுக்கு முன்னாடி அவங்களுக்கு பாடம் நடத்த நேரம் எவ்வளவு குடுத்தோம்னு அளக்கணும். அதையும் ஆரம்ப இருப்புல எழுதணும்.

பெற்றோர் நாங்க என்ன பண்ண முடியும்? படிக்காதவங்க கேட்டா மதிப்பாங்களா?

எஸ்எம்சியில நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிக்குப் பாதி பெண்கள் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. படிக்காத அம்மாங்க கேக்குற கேள்விதான் எங்க கூட்டத்துல சரியா விழுது. வடை போடுற ஒரு ஆச்சி, "ஏங்க சார், என் பேத்தி ஒரு வருசமா ஒரே பக்கத்தத்தான் வாசிக்கிறா, அடுத்த பக்கம் எப்ப வரும்?"னு கேட்டாங்க. எந்த அதிகாரியும் கேக்காத கேள்வி. சாருக்கு கோவம் வரல, நோட்ட எடுத்துட்டு வந்து அவ எங்க நிக்கிறான்னு காட்டுனாரு, அடுத்த மாசம் அவரே கூப்பிட்டு அடுத்த பக்கத்த வாசிக்க வச்சுக் காட்டுனாரு. டீச்சர மடக்குறதுக்குன்னு கேக்காதீங்க, பிள்ளை எங்க நிக்குதுன்னு கேளுங்க.

பிள்ளைங்ககிட்டயும் கேக்கலாம். "டீச்சர் நல்லவங்களா"ன்னு கேட்டா சாக்லேட் குடுக்குறவங்க ஜெயிச்சிடுவாங்க. "புரியலன்னா திரும்பக் கேக்க பயமா இருக்கா, தப்பா எழுதுனா எது தப்புன்னு சொல்றாங்களா"ன்னு கேட்டா பிள்ளைங்க பொய் சொல்லாது.

உண்மையிலயே மோசமான வாத்தியார் இருந்தா?

இருக்காங்க, கொஞ்ச பேரு. வராதவங்க, அடிக்கிறவங்க, சாதி பாத்து உக்கார வைக்கிறவங்க. இவங்களுக்கு மதிப்பீடு வேணாம், நடவடிக்கை வேணும். அடிக்கிறது சட்டப்படியே குத்தம். எழுத்துல புகார் குடுங்க, 1098க்கு போன் பண்ணுங்க. சொல்லித்தரத் தெரியாம திணறுறவங்களையும் இவங்களையும் ஒரே தராசுல போடாதீங்க.

வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரங்க காசு தர ரெடியா இருக்காங்க. எதுக்குக் கேக்கலாம்?

நம்ம மண்ணுக்கு இது புதுசில்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் சிக்ரி, அதான் காரைக்குடியில இருக்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வர்றதுக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தவரு, காலேஜுங்க கட்டுனவரு, அதுல வாத்தியார் வேலைக்குப் படிக்கிறதுக்கும் ஒரு ட்ரெய்னிங் காலேஜ் வச்சாரு பாருங்க, அதத்தான் நான் பெருசா நினைக்கிறேன். இப்ப எல்லாரும் ஆர்ச்சு, ஸ்மார்ட் போர்டு, பேர் போட்ட சுவருன்னு தர்றாங்க. நான் கேக்குறது, டேட்டா ஏத்துறதுக்கு நாலு பள்ளிக்கு ஒரு ஆளு. ஆறாயிரம் ஏழாயிரம் சம்பளத்துக்கு நம்ம ஊருலயே பட்டம் படிச்ச பொண்ணுங்க வருவாங்க. எட்டு பத்து டீச்சருங்க போன கீழ வச்சிட்டு வகுப்புக்குப் போவாங்க. சுவத்துல பேரு வராது, அதனால கேக்குறதுக்கே கூச்சமா இருக்கு, இருந்தாலும் கேக்குறேன்.

உங்க பையன் என்ன ஆனான்?

இதையும் கேக்குறாங்க. வேற அரசுப் பள்ளியில சேத்தேன். அங்க கணக்கு டீச்சர் முதல் வாரமே அவனுக்கு வகுத்தல் வரலங்கிறதக் கண்டுபிடிச்சாங்க, 10வது சிலபஸ ஓரமா வச்சிட்டு மூணு மாசம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல 4வது வகுப்புக் கணக்கு சொல்லித்தந்தாங்க. 10வதுல கணக்குல 52. அந்த வருசம் அவங்க பாடத்துல மூணு பேரு ஃபெயிலு, ரிவ்யூ மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு பதில் சொன்னாங்களாம். இத நான் ரிசல்ட் வந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் கேள்விப்பட்டேன். அடுத்த எஸ்எம்சி கூட்டத்துல மினிட்ஸ் நோட்ட வாங்கி, என் பையன் அவங்ககிட்ட வந்தப்ப எங்க நின்னான், போறப்ப எங்க நின்னான்னு நானே என் கைப்பட எழுதி கையெழுத்துப் போட்டேன், எச்எம்மும் கீழ போட்டாரு.